உனக்கென்று தனிப் பல்கலைக்கழகம்: தென்னாப்பிரிக்க வளாகங்களில் நடந்த மாணவர் போராட்டங்கள்

கலங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நிறவெறி ஆட்சி பற்றிப் பேச ஆரம்பித்தால் மண்டேலா, ராபன் தீவு, 1976 சொவேட்டோ என்று மூன்றோடு முடித்துக்கொள்கிறோம். பல்கலைக்கழகங்களுக்குள் நடந்ததை யாரும் தனியாக எடுத்துப் பேசிப் பார்த்ததில்லை. அதற்காகவே இந்த இழை.

அடிப்படை விஷயம் இது. 1959 இல் 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்' வந்தது. அதற்கு முன் கேப் டவுன், ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் (சுருக்கமாக விட்ஸ்) ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்கள் வெள்ளையர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் கதவு திறந்திருந்தது. மண்டேலா விட்ஸில் சட்டம் படித்தது அப்படித்தான். புதிய சட்டத்தின்படி அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெள்ளையரல்லாத ஒருவர் அங்கே சேர்ந்தால் அது குற்றம்.

கதவைச் சாத்தியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கல்லூரி கட்டிக் கொடுத்தார்கள். சோத்தோ, வெண்டா, சோங்கா மக்களுக்கு வடக்கே டர்ஃப்லூப். ஜூலுக்களுக்கு ங்கோயே. கலப்பினத்தவருக்குக் கேப் டவுன் பக்கம் பெல்வில். இந்தியர்களுக்கு டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு. 1916 முதல் பல இன மாணவர்கள் சேர்ந்து படித்த ஃபோர்ட் ஹேரை அரசே எடுத்துக்கொண்டு கோசா மக்களுக்கு மட்டும் என்றாக்கியது. அதன் பேராசிரியர் இசட். கே. மேத்யூஸ் ஓய்வூதியம் போனாலும் பரவாயில்லை என்று வேலையை விட்டார்.

எனக்கு இதில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இத்தனை பெரிய பிரிவினையை மாணவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? அதில் எது உண்மையிலேயே வலித்தது அரசுக்கு?

சட்டப்புத்தகம்

நல்ல இழை. முதல் எதிர்ப்பு 1957 இலேயே வந்துவிட்டது, மசோதா நிலையில். அந்த ஆண்டு மே மாதம் ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் விட்ஸ் மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கி அணிந்து ஊர்வலம் போனார்கள். ஜூனில் கேப் டவுனில் அதே மாதிரி. நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி ஆல்பர்ட் செண்ட்லிவ்ரெஸ் அப்போது கேப் டவுன் பல்கலைக்கழக வேந்தர். அவரே மசோதாவை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார்.

அவர்கள் கையில் எடுத்த வாதம் துணைவேந்தர் டி. பி. டேவி முன்பே வகுத்து வைத்தது. யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற நான்கையும் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த வாதம். சட்டம் நிறைவேறிய பின் ஆண்டுதோறும் டேவி நினைவுச் சொற்பொழிவு நடத்துவது மாணவர்களின் வழக்கமானது.

சட்டத்தை நிறுத்த முடியவில்லை. ஆனால் அரசு அதை ஓசையில்லாமல் நிறைவேற்றவும் முடியவில்லை.

நெடுவழி

டேவியின் நான்கு உரிமைகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள், சட்டப்புத்தகம். அதில் பல்கலைக்கழகத்தின் உரிமை இருக்கிறது. கறுப்பின மாணவரின் உரிமை எங்கே இருக்கிறது?

இந்த இரண்டு 'திறந்த' பல்கலைக்கழகங்களின் அன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பறையில் பிரிவினை இல்லை, வகுப்புக்கு வெளியே உண்டு. இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள். விடுதியில் இடம் கிடையாது. விளையாட்டில் சேர்ந்து ஆட முடியாது. நடன நிகழ்ச்சிக்குப் போக முடியாது. மருத்துவம் படித்த கறுப்பின மாணவர் வெள்ளை நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கக் கூடாது. வெள்ளையரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். உயிரோடு இருப்பவரைத் தொடக் கூடாது என்பது கொடுமை. இறந்தவரைப் பார்க்கவும் கூடாது என்பதை என்னவென்று சொல்வது?

நேட்டால் பல்கலைக்கழகத்தில் வகுப்பே தனித்தனி. 1936 இல் மேபல் பாமர் என்ற ஆசிரியை வெள்ளையரல்லாதவர்களுக்கு வகுப்பு தொடங்கினார். நடந்த இடம் டர்பன் சாஸ்திரி கல்லூரி. நம் வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அங்கே இந்திய அரசின் முகவராக இருந்தபோது முன்னின்று உருவாக்கிய பள்ளி அது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கட்டடத்தில் வெள்ளையர், பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள். இது 1959 சட்டத்துக்கு 23 ஆண்டுகள் முன்பு.

ஆகவே 1957 ஊர்வலம் எதைக் காப்பாற்றப் போனது என்ற கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

மதுரைச்செல்வி

நெடுவழி சொன்ன தகவல்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அன்று தெருவில் இறங்கியவர்களை இப்படி ஒரே வரியில் ஒதுக்க மனம் வரவில்லை. தனக்கு எந்த நஷ்டமும் இல்லாத ஒரு சட்டத்துக்கு எதிராக ஒருவர் வெளியே வருகிறார் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நூசாஸ் (தென்னாப்பிரிக்க மாணவர் தேசிய ஒன்றியம்) தலைவர் இயன் ராபர்ட்சன் 1966 இல் ராபர்ட் கென்னடியைக் கேப் டவுனுக்குப் பேச அழைத்தார். அதற்குள் அரசு ராபர்ட்சன் மீது தடையாணை போட்டுவிட்டது. கூட்டத்துக்கு அழைத்தவரே கூட்டத்துக்கு வர முடியவில்லை. மேடையில் அவருக்காக ஒரு காலி நாற்காலி போட்டார்கள்.

அப்புறம் 1968 மஃபேஜே விவகாரம். அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள்.

கலங்கரை

நானே எழுதுகிறேன், செல்வி.

ஆர்ச்சி மஃபேஜே கேப் டவுன் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர், மானிடவியலாளர் மோனிகா வில்சனின் மாணவர். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 1968 இல் சமூக மானிடவியல் துறையில் முதுநிலை விரிவுரையாளர் பணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு மிரட்டியது. கவனிக்க வேண்டியது, கறுப்பினத்தவர் அங்கே பாடம் நடத்தக் கூடாது என்று அப்போது சட்டம் இல்லை. நீங்களே ரத்து செய்யாவிட்டால் சட்டம் கொண்டுவருவோம் என்ற மிரட்டல்தான். பல்கலைக்கழக மன்றம் பணிந்து நியமனத்தை ரத்து செய்தது.

ஆகஸ்ட் மாதம் ஜேம்சன் மண்டபத்தில் மாணவர்கள் திரண்டார்கள். அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் நிர்வாகக் கட்டடமான பிரெம்னர் கட்டடத்துக்குப் போய் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், வகுப்புகளும் நடத்திக்கொண்டார்கள். நிர்வாகம் அசையவில்லை. மஃபேஜேக்கு வேலை கிடைக்கவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது பிறகு நடந்தது. நிறவெறி முடிவுக்கு வரும் 1990 களில் மஃபேஜே அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். அப்போதும் தரவில்லை. அவர் 2007 இல் இறந்தார். 2008 இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு மறைவுக்குப் பின் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. பிரெம்னர் கட்டடத்தில் ஒரு அறைக்கு அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். 1968 இல் பணிந்ததற்கு அரசின் மிரட்டல் காரணம் என்று சொல்லலாம். 1990 களில் யார் மிரட்டினார்கள்?

நெடுவழி

அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இன்னொரு ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1967. நூசாஸ் மாநாடு கிரஹாம்ஸ்டவுனில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிரிவினையை எதிர்க்கும் சங்கத்தின் மாநாடு. வெள்ளைப் பிரதிநிதிகள் வளாக விடுதியில் தங்கினார்கள். கறுப்பினப் பிரதிநிதிகளை விடுதியில் அனுமதிக்க முடியாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டதால் அவர்கள் ஊருக்கு வெளியே கறுப்பினர் குடியிருப்பில் ஒரு தேவாலயக் கூடத்தில் படுத்தார்கள். மாநாட்டை ஒத்திவைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் நேட்டால் மருத்துவக் கல்லூரி மாணவர் ஸ்டீவ் பிகோ. தீர்மானம் தோற்றது.

பிகோ தங்கிப் படித்த ஆலன் டெய்லர் விடுதியும் அப்படித்தான். வெள்ளையரல்லாத மாணவர்களுக்கென்று வென்ட்வொர்த்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில், பழைய ராணுவக் குடியிருப்பில் இருந்தது. வெள்ளை மாணவர்கள் மேலே மலைமீது ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில்.

1968 டிசம்பரில் டர்பன் அருகே மரியன்ஹில்லில் கறுப்பின மாணவர்கள் கூடிப் பேசினார்கள். 1969 ஜூலையில் டர்ஃப்லூப்பில் சாசோ (தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு) முறைப்படி தொடங்கியது. பிகோ முதல் தலைவர். எங்களுக்காகப் பேச வேறு ஆள் வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்பது அதன் நிலைப்பாடு. ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் மூவரையும் ஒரே அமைப்பில் சேர்த்ததுதான் அதன் பெரிய காரியம். அரசு தனித்தனிக் கல்லூரிகளாகப் பிரித்து வைத்தவர்கள் ஒரே உறுப்பினர் அட்டையில் சேர்ந்தார்கள்.

பழைய காகிதம்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

1860 இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் எட்டாக் கனியாக இருந்தது. டர்பன் தமிழரான டாக்டர் குணம் மருத்துவம் படிக்க எடின்பரோ போக வேண்டியிருந்தது. அவர் குடும்பத்துக்கு வசதி இருந்தது, போனார். மற்றவர்கள் என்ன செய்வது? சாலிஸ்பரி தீவுக் கல்லூரி 1961 இல் வந்தபின் ஆசிரியர், மருந்தாளர், வழக்கறிஞர் என்று ஒரு தலைமுறையே உருவானது. அதுவே 1972 முதல் வெஸ்ட்வில் குன்றில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பின்னாளில் நிதி அமைச்சரான பிரவின் கோர்தன் அங்கே மருந்தியல் படித்தவர்.

முக்கியமாக, அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, சமஸ்கிருதம் எல்லாம் இருந்த இந்திய மொழித்துறை. நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2004 இல் குவாசூலு-நேட்டால் ஆன பிறகு இன்று அந்தத் துறை இல்லை. பிரித்து வைத்தவன் தமிழுக்கு இடம் கொடுத்தான், சேர்ந்த பிறகு தமிழ் போய்விட்டது. இதைச் சொன்னால் நிறவெறியை ஆதரிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

டர்பன்வாசி

பழைய காகிதம் ஐயாவுக்கு வணக்கம். வேலை நிமித்தம் இங்கே குடியேறிய தஞ்சாவூர்க்காரன் நான். நீங்கள் சொல்லும் துறையின் மதிப்பு எனக்குத் தெரியும். இங்கே வீட்டில் தமிழ் பேசுபவர்கள் அநேகமாக இல்லை. கோவில் திருவிழாவில் தேவாரம் பாடுபவர் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார். ஒரு தமிழ்த்துறை இருந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்தத் தீவில் அன்று படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கடற்படை விட்டுப்போன பழைய கொட்டகைகள்தான் வகுப்பறை. படகில் ஏறிப் போக வேண்டும். கோட்டும் டையும் போடாமல் வளாகத்துக்குள் நுழைய முடியாது, டர்பன் வெயிலில். முதல்வர் எஸ். பி. ஒலிவியர், வெள்ளையர். இந்தியர்களுக்கான கல்லூரி என்று பெயர், ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள் வெள்ளையர்கள், முடிவெடுப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். மாணவர் மன்றம் என்று ஒன்றை நிர்வாகத்தின் விதிகளோடு கொடுக்க வந்தபோது பல ஆண்டுகள் மாணவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஆட்கள் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்லூரியை எதிர்த்தார்கள்.

சரி, தமிழ்த்துறை விஷயத்துக்கு வருகிறேன். அந்த அரசு தமிழைச் சேர்த்தது தமிழ்மீது உள்ள மரியாதையாலா? ஜூலு ஜூலுவாக இருக்கட்டும், தமிழன் தமிழனாக இருக்கட்டும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கட்டும் என்பதுதான் திட்டம். தீவில் தமிழ் படித்த பையனுக்கு ஜூலு நண்பன் ஒருவன் கிடைக்க வழியில்லை. 1949 இல் டர்பனில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்த ஊர் இது. இந்த ஊருக்கு எது தேவையோ, அதற்கு நேர் எதிரானதைச் செய்தார்கள்.

சேர்ந்த பிறகு தமிழ் போனது உண்மை. அதற்குக் கோபப்பட வேண்டியது சேர்ந்ததன் மீதா, சேர்த்தபின் தமிழுக்குப் பணம் ஒதுக்காதவர்கள் மீதா?

பழைய காகிதம்

டர்பன்வாசி தம்பி, பண்பாகப் பதில் சொன்னதற்கு நன்றி. கோட்டு, டை, படகு எல்லாம் சரிதான். ஆனாலும் அந்தப் படகில் ஏறிப் போனவர்கள் திரும்பி வரும்போது கையில் பட்டம் இருந்தது. புறக்கணிக்கச் சொன்ன தலைவர்களின் பிள்ளைகளுக்கு வெளிநாடு போக வழி இருந்தது. டர்பனில் கிளேர்வுட்டிலும் சாட்ஸ்வொர்த்திலும் இருந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி இல்லை. அவன் அங்கே போய்ப் படித்ததைத் துரோகம் மாதிரி யாரும் பேசக் கூடாது. என் வாதம் அவ்வளவுதான், அதில் நிற்கிறேன்.

மதுரைச்செல்வி

யாரும் துரோகம் என்று சொல்லவில்லை, ஐயா. வேறு வழியில்லாமல் அங்கே போனவர்கள்தான் உள்ளே இருந்துகொண்டே அந்தக் கல்லூரிகளை உலுக்கினார்கள். அதனால்தான் டிரோவைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

1972 ஏப்ரல் 29, டர்ஃப்லூப் பட்டமளிப்பு விழா. பட்டம் பெறுபவர்கள் சார்பில் பேச மாணவர்கள் தேர்ந்தெடுத்தது ஓங்கோபோட்சே டிரோ என்ற முன்னாள் மாணவர் மன்றத் தலைவரை. பல்கலைக்கழகத்தை நடத்தியவர்கள் வெள்ளையர்கள். டிரோ பொதுவாக நிறவெறி ஒழிக என்று பேசிவிட்டு இறங்கவில்லை. அந்த மண்டபத்தையே காட்டிப் பேசினார். முன்வரிசையில் வெள்ளை விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டம் வாங்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இடமில்லை. கறுப்பின மக்களுக்கான பல்கலைக்கழகம் என்கிறீர்கள், வளாகப் புத்தகக் கடையின் ஒப்பந்தம் ஏன் வெள்ளையரிடம் இருக்கிறது? விடுமுறைக்கால வேலைகள் ஏன் வெள்ளை மாணவர்களுக்குப் போகின்றன?

தனிப் பல்கலைக்கழகம் என்ற பேச்சின் பொய்யை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்று நினைக்கிறேன். 'உங்களுக்கே உங்களுக்கு' என்று கொடுத்த இடத்தில் அவர்களுடைய அப்பா அம்மா உட்கார நாற்காலி இல்லை.

டிரோவை நீக்கினார்கள். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து உள்ளிருப்பில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுமொத்த மாணவர்களையும் வெளியேற்றி வளாகத்தை மூடியது நிர்வாகம். சாசோ அழைப்பு விடுத்ததும் ஃபோர்ட் ஹேர், ங்கோயே, பெல்வில், டர்பன்-வெஸ்ட்வில், நேட்டால் மருத்துவக் கல்லூரி என்று எல்லாத் தனி வளாகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பைப் புறக்கணித்தன. ஜூன் மாதம் கேப் டவுன் செயின்ட் ஜார்ஜ் பேராலயப் படிகளில் ஆதரவாக நின்ற வெள்ளை மாணவர்களைப் போலீஸ் பேராலயத்துக்குள்ளேயே துரத்தி அடித்தது. நெடுவழி, இதையும் உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோ பிறகு சொவேட்டோவில் மோரிஸ் ஐசக்சன் பள்ளியில் ஆசிரியரானார். 1976 எழுச்சியை முன்னின்று நடத்திய ட்சியெட்ஸி மாஷினினி அந்தப் பள்ளி மாணவர். டிரோ அதைப் பார்க்கவில்லை. போட்ஸ்வானாவுக்குத் தப்பிப் போன அவரை 1974 பிப்ரவரி 1 அன்று பார்சல் குண்டு கொன்றது.

கலங்கரை

செல்வி எழுதியதோடு டர்பன் கதையைச் சேர்க்கிறேன், பழைய காகிதம் ஐயாவுக்கும் இதில் பதில் இருக்கிறது.

சாலிஸ்பரி தீவுக் கல்லூரி வெளியே தள்ளிய மாணவர்களில் இருவர் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி. கூப்பரின் முழுப்பெயர் சதாசிவன். இருவரும் பிகோவோடு தோளோடு தோள் நின்று கறுப்புணர்வு இயக்கத்தை வளர்த்தவர்கள். டர்பன் பீட்ரிஸ் தெருவில் இருந்த சாசோ அலுவலகத்தில் சாசோ வெளியீடுகளைக் கவனித்தவர் மூட்லி. இந்தியர்களுக்கு அரசு தனியாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கி இருந்தால் இருவருக்கும் நல்ல வாழ்க்கை அமைந்திருக்கும்.

1974 செப்டம்பரில், மொசாம்பிக்கில் விடுதலை இயக்கமான ஃபிரெலிமோ ஆட்சிக்கு வருவதை வாழ்த்தி டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்திலும் டர்ஃப்லூப்பிலும் கூட்டம் ஏற்பாடானது. அரசு தடை விதித்தது, இருந்தும் மக்கள் வந்தார்கள். டர்ஃப்லூப் பக்கம் கைதானவர்களில் இன்றைய ஜனாதிபதி சிரில் ராமபோசாவும் ஒருவர், அப்போது அங்கே மாணவர். வழக்கில் 9 பேர் நின்றார்கள், கூப்பரும் மூட்லியும் அதில் உண்டு. பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் 1976 டிசம்பரில் 5 ஆண்டும் 6 ஆண்டுமாகத் தண்டனை. ராபன் தீவு. குண்டு வைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. பேச்சு, கவிதை, நாடகம், துண்டறிக்கை, இவைதான் சாட்சியங்கள். அந்த வழக்கில் பிகோ வந்து நாள்கணக்கில் சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் அவர் இறந்தார். அக்டோபரில் சாசோ தடை செய்யப்பட்டது.

பின்னாளில் கூப்பர் உளவியலாளரானார். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். எந்தக் கல்லூரி வெளியேற்றியதோ அதன் வாரிசுக்கே.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். 1957 ஊர்வலத்தை அரசால் சகித்துக்கொள்ள முடிந்தது. தனியாகக் கட்டிக் கொடுத்த கல்லூரிகளில் படித்தவர்களே 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அந்தத் திட்டமே ஆட்டம் கண்டது. பார்சல் குண்டும் ராபன் தீவும் அவர்களுக்குத்தான் வந்தது.

சட்டப்புத்தகம்

1959 சட்டம் எப்படித் தளர்ந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். 1983 இல் அமைச்சர் அனுமதி முறையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று உச்சவரம்பு வைக்கும் திருத்தம் வந்தது. பல்கலைக்கழகங்கள் கடுமையாக எதிர்த்ததால் வரம்பை அமல்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் கேப் டவுனிலும் விட்ஸிலும் கறுப்பின மாணவர்கள் அதிகமாகச் சேர ஆரம்பித்தார்கள்.

டர்பன்வாசி

சட்டம் தளர்ந்தாலும் விடுதி அறைகள் மாறப் பல காலம் ஆனது. ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விடுதிகளை இனம் கலந்து நடத்த முடிவு செய்ததை எதிர்த்து ரெயிட்ஸ் விடுதி வெள்ளை மாணவர்கள் 2007 இல் ஒரு வீடியோ எடுத்தார்கள். விடுதியில் துப்புரவு வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களை, தாய் வயதுப் பெண்களை, அவமானப்படுத்தி எடுத்த படம். மறு ஆண்டு அது வெளியே வந்து நாடே கொதித்தது. விடுதியை மூடினார்கள்.

2015 இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்றக் கோரிய மாணவர்கள் ஆக்கிரமித்ததும் அதே பிரெம்னர் கட்டடத்தைத்தான். 'அசானியா இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் சிலை இறங்கியது.

நெடுவழி

செல்வி, பேராலயப் படிகளைக் கணக்கில் வைத்துக்கொண்டேன். அடி வாங்கியவர்களை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வகுப்புக்குத் திரும்ப முடிந்தது, டர்ஃப்லூப் மாணவர்களில் பலரால் முடியவில்லை. இந்த வித்தியாசத்தை நான் விட மாட்டேன்.

பழைய காகிதம் ஐயா, சாட்ஸ்வொர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளை பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்த்துறை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய காகிதம்

அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், நெடுவழி. டர்பன்வாசி தம்பி, அந்தத் துறையில் படித்த பெரியவர்கள் யாராவது பேசச் சம்மதித்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். என் வாதத்துக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை.